பழவேற்காடா, தரங்கம்பாடியா? பிள்ளைகளை ஓவியம் வரைய அழைத்துப் போக யோசனை சொல்லுங்கள்

மாடி வகுப்பு, தண்டையார்பேட்டை

வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் ஓவிய வகுப்பு நடத்துகிறேன். எட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள், ஒன்பதாவது படிப்பவர் முதல் பன்னிரண்டாவது படிப்பவர் வரை, அதில் ஐந்து பேர் பெண்கள். நன்றாகவே வரைகிறார்கள், ஆனால் எல்லாமே போனில் இருக்கும் படத்தைப் பார்த்து வரைவதுதான். காற்று அடிக்க, வெயில் நகர, கண்ணெதிரே இருக்கும் ஒன்றை உட்கார்ந்து வரைந்த பழக்கம் ஒருவருக்கும் இல்லை.

போன வருடம் ஒரு பயிற்சி முகாமுக்கு ஆளுக்கு 1,500 ரூபாய் கட்டி மூன்று பேரை அனுப்பினேன். கடற்கரைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்து, கையில் ஒரு போட்டோவைக் கொடுத்து அதை அப்படியே வரையச் சொல்லியிருக்கிறார்கள். கடல் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. பிள்ளைகள் வந்து சொன்னபோது எனக்கு மனசே ஆறவில்லை. அதனால் இந்த முறை நானே கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பழைய கட்டடங்களும் கடலும் சேர்ந்த சின்ன ஊராக இருக்க வேண்டும், ஓவியம் வரைபவர்கள் போய் உட்காரும் ஊராக இருந்தால் நல்லது. மனதில் இருப்பது இரண்டு: பழவேற்காடு, தரங்கம்பாடி. ஜனவரி கடைசியில் போகலாம் என்று எண்ணம். இரண்டு பெற்றோர் கூட வருவார்கள். வேன் வைக்கப் பணம் இல்லை, ரயிலும் பஸ்ஸும்தான். ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா, எங்கே நிம்மதியாக உட்காரலாம், பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை வசதி எப்படி, படகில் போகலாமா, இதெல்லாம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். பழவேற்காட்டுக்கு நான் பன்னிரண்டு வயதில் மாமாவோடு ஒரு தடவை போனதுதான், நண்டுக் குழம்பு தவிர ஒன்றும் நினைவில்லை.

பொன்னேரி பாசஞ்சர், மீஞ்சூர்

ஒரு நாள்தான் என்றால் பழவேற்காடுதான், யோசிக்கவே வேண்டாம். உங்களுக்குக் கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் பக்கம், அங்கேயே கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறுங்கள். திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் தாண்டிப் பொன்னேரியில் இறங்க வேண்டும், ஏறக்குறைய ஒரு மணி நேரம். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு இருபது கிலோமீட்டருக்குள்தான், பஸ் இருக்கிறது, ஆனால் ஒன்றை விட்டால் அடுத்தது வர நேரமாகலாம். அதனால் காலை ஆறு மணி வாக்கில் கிளம்பும் வண்டியைப் பிடித்துவிடுங்கள். எட்டரைக்குள் ஊருக்குள் நின்றால்தான் உங்களுக்குக் காலை வெளிச்சம் கிடைக்கும். பதினொரு பேர் என்பதால் பொன்னேரியில் இரண்டு ஷேர் ஆட்டோ பேசினாலும் கட்டுப்படியாகும்.

பைக்கில் வரும் பெற்றோர் யாராவது இருந்தால் மணலி, எண்ணூர், மீஞ்சூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்துத்தான் வர வேண்டும். பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அந்தச் சாலையில் வருவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரயிலே நல்லது.

கழிப்பறையைப் பொன்னேரியிலேயே முடித்துக்கொள்வது நல்லது. ஊருக்குள் சாப்பிடும் ஓட்டலில் கேட்டால் பெண்பிள்ளைகளுக்கு உதவுவார்கள், நான் என் அக்கா குடும்பத்தை அழைத்துப் போனபோது அப்படித்தான் சமாளித்தோம். குடிக்கும் தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள்.

படகு பற்றிக் கேட்டீர்கள். வேண்டவே வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பத்தாரும் உறவினர்களும் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாவுக்குப் படகில் ஏற்றத் தடை போட்டார்கள். இருந்தாலும் கரையில் யாராவது வந்து ‘அரை மணி நேரம் சுத்திக் காட்டுறேன்’ என்று கூப்பிடுவார்கள், பிள்ளைகளும் ஆசைப்படுவார்கள். கிளம்பும்போதே ‘படகு கிடையாது’ என்று சொல்லிக் கூட்டிப் போங்கள். கரையிலிருந்து பார்ப்பதிலேயே வரைவதற்கு ஆயிரம் இருக்கிறது.

இன்னொன்று, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளென்றால் ஏரிப் பக்கம் கட்டுப்பாடு இருக்கும், கூட்டமும் இருக்கும். தேதி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கரித்துண்டு, ராயபுரம்

உங்கள் பதிவைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. ஓவியம் என்றால் எல்லாரும் ஈசிஆர், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம்தான் கை காட்டுவார்கள். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியதிலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு பெயர் வந்துவிட்டது, அதில் தவறில்லை. ஆனால் நம் வடசென்னைப் பக்கத்துப் பிள்ளைக்குத் தன் ஊர்க் கடலும் வரையத்தக்கது என்று யாரும் சொல்வதில்லை. நான் எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தவன், முதல் வருடம் நண்பர்களோடு பழவேற்காடு போனபோதுதான் எனக்கே அது உறைத்தது.

ஒரே ஒரு யோசனை அழுத்திச் சொல்கிறேன். அங்கே பார்க்க என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். கல்லறை, கோட்டை, கோயில், பள்ளிவாசல், லைட்ஹவுஸ், பறவை என்று ஆறு இடத்தை ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம்தான் கிடைக்கும், பிள்ளைகள் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டு வீட்டில் போய் வரைவார்கள், நீங்கள் எதற்குப் பயந்தீர்களோ அதேதான் நடக்கும். காலையில் ஒரு இடம், சாயங்காலம் ஒரு இடம். அவ்வளவு போதும். ஒரு இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் முதல் முக்கால் மணி நேரம் வீணாகத்தான் போகும், படம் தப்பாக வரும், அலுப்பு வரும், அதற்கு அப்புறம்தான் கண் திறக்கும்.

ஏரியின் வெளிச்சம் ஒரு மாதிரி. தண்ணீர் ஆழமில்லை, வானமும் தண்ணீரும் ஒரே வெளிறிய நிறத்தில் கிடக்கும், நடுவில் ஒரு நூல் போலத் தூரத்துக் கரை. நீலத்தைக் குழைத்துப் பூசும் பிள்ளைகள் அங்கே தடுமாறுவார்கள். முதலில் நீலத்தைத் தொடவே விடாதீர்கள். சாம்பல், காவி, கொஞ்சம் பச்சை, இந்த மூன்றோடு தொடங்கட்டும். படகுகளின் பளீர் நிறங்கள் அந்த வெளிறலுக்கு மேல் தானாக எழுந்து நிற்கும்.

சாமான் விஷயம். காற்று பலமாக அடிக்கும், தாளின் நான்கு மூலைக்கும் கிளிப் வேண்டும், பரீட்சை அட்டை போதும். வாட்டர் கலருக்குத் தடிமனான 300 ஜிஎஸ்எம் தாள் ஆளுக்கு இரண்டு கொடுங்கள், மற்றதெல்லாம் சாதாரண ஸ்கெட்ச் நோட்டில் பேனாவால் வரையட்டும். பிரஷ் கழுவ ஏரித் தண்ணீரை எடுக்க வேண்டாம், உப்பு காய்ந்ததும் தாளில் பூத்து நிற்கும். வெள்ளைத் தாளில் நேர் வெயில் விழுந்தால் கண் கூசி நிறம் எல்லாம் தப்பாகப் போகும், தாள் நிழலில் இருக்கும்படி உட்காரச் சொல்லுங்கள். தொப்பி கட்டாயம்.

அதற்கு முன்னால் இரண்டு ஞாயிறு நம் பக்கத்திலேயே பழக்கிவிடுங்கள். ராயபுரம் ஸ்டேஷன் 1856இல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம், அந்தத் தூண்களை வரைந்து பார்த்தால் பழவேற்காட்டில் இருக்கும் டச்சுக்காரர் கல்லறை வளைவுகள் அவ்வளவு பயமுறுத்தாது. காசிமேட்டில் ஏலம் முடிந்த பிறகு படகுகளை வரையலாம். தெருவில் நாலு பேர் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும்போது கை நடுங்காமல் வரைவதும் ஒரு பாடம்தானே.

உப்புக்காற்று, திருவொற்றியூர்

எல்லாரும் பழவேற்காடு என்கிறீர்கள், நான் தரங்கம்பாடிக்காகக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். மூன்று முறை போய் வந்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் இரண்டு இரவு தங்கினேன்.

வரைபவருக்கு அந்த ஊர் கொடுப்பதை வேறு எந்த ஊரும் எனக்குக் கொடுத்ததில்லை. 1792இல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்தால் நேரே ஒரு தெரு, ராஜ வீதி, அது நேராகக் கடலில் போய் முடிகிறது. அந்தத் தெருவின் ஒரு முனையில் உட்கார்ந்தாலே பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரம் போகப் போக எல்லாம் சிறுத்துத் தெரிவதைப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பக்கம் 1701இல் எழுந்த சீயோன் தேவாலயம், கொஞ்சம் தள்ளி 1718இன் புதிய எருசலேம் தேவாலயம், முடிவில் மணல்வெளிக்கு நடுவே 1620இல் டேனிஷ்காரர் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிக் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை. கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் காலத்தது, அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அந்தக் கோயில் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. காலை ஐந்தே முக்காலுக்கு அங்கே நின்றால் சூரியன் கடலிலிருந்து எழுந்து முதலில் கோயில் சுவரையும் அப்புறம் கோட்டையையும் தொடும். பத்து நிமிடத்துக்கு அந்தச் சுவர் இருக்கும் நிறத்தை நான் இன்னும் தாளில் கொண்டுவர முடியாமல் முயன்றுகொண்டிருக்கிறேன்.

அச்சுத் தொழிலில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் இன்னும் விசேஷம். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கியது அங்கேதான், தமிழ் எழுத்துகளை வார்த்து அச்சடித்த புதிய ஏற்பாடு 1715இல் வெளிவந்ததும் அங்கேதான். எழுத்தை வரைவதும் ஓவியம்தான் என்று காட்ட நல்ல இடம்.

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஒரு நாளில் முடியாது. ரயிலில் மயிலாடுதுறை போய் அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். பிள்ளைகளோடு என்றால் குறைந்தது ஒரு இரவு தங்க வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை உண்டு, முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை பழவேற்காடு போய்விட்டு, பிள்ளைகள் வெளியில் வரையப் பழகிய பிறகு தரங்கம்பாடிக்குப் போங்கள். அந்த ஊரைக் கற்றுக்குட்டிக் கண்ணோடு பார்த்து வீணாக்க வேண்டாம் என்பது என் ஆசை.

பழவேற்காட்டுப் பேத்தி, காசிமேடு

அண்ணா, என் அம்மா பிறந்த ஊர் பழவேற்காடு. பாட்டி இன்னும் ஏரிக்கரைக் குப்பத்தில்தான் இருக்கிறார். அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

வரைய வருபவர்களும் படம் பிடிக்க வருபவர்களும் எங்கள் ஊருக்கு அதிகம்தான். நல்லவர்களும் வருகிறார்கள். ஆனால் நான் பத்தாவது படிக்கும்போது ஒரு கூட்டம் வந்தது, பாட்டி வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார், கேட்காமல் கொள்ளாமல் முகத்துக்கு நேராக கேமராவை நீட்டி, தலையைத் திருப்பச் சொல்லி, முக்காடு எடுக்கச் சொல்லி, கடைசியில் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்கள். பாட்டி அன்றைக்கு முழுக்க ஒன்றும் பேசவில்லை. உங்கள் பிள்ளைகள் யாரையாவது வரைய நினைத்தால் முதலில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ‘ஆயா, உங்களை வரையட்டுமா’ என்று கேட்கட்டும். பாதிப் பேர் சரி என்பார்கள். வரைந்து முடித்ததும் காட்ட வேண்டும். தாளைக் கொடுத்துவிட்டே வந்தால் இன்னும் நல்லது.

சுற்றுலா வருபவர்கள் பறவையையும் கல்லறையையும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், ஏரியில் நடக்கும் தொழிலைப் பார்ப்பதே இல்லை. ஏரியில் எங்கே வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் வலை போட முடியாது. ‘பாடு’ என்று ஒரு முறை இருக்கிறது. இறாலுக்குச் சுத்துவலை கட்டும் இடங்களைக் குப்பத்து ஆட்கள் கூடிச் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்று பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் சுற்றி வரும். தூரத்தில் தண்ணீரில் வரிசையாக நிற்கும் கழிகளைப் பிள்ளைகள் வெறும் கோடுகளாகப் போடாமல், அது ஒரு குடும்பத்தின் அன்றைய பாடு என்று தெரிந்து போட வேண்டும் என்று எனக்கு ஆசை.

அப்புறம், இடுப்பளவு தண்ணீரில் குனிந்து சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களைப் பார்ப்பீர்கள். பனையோலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு கையாலும் துழாவுவார்கள். எண்ணூர் கழிமுகத்திலும் இதைப் பார்க்கலாம். உடம்பு வளைவதை வரையக் கற்க இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியாது, ஆனால் தூரத்திலிருந்தே வரையுங்கள், அவர்கள் வேலைக்கு இடைஞ்சல் வேண்டாம்.

ஊருக்குள் முஸ்லிம் பெண்கள் பலர் பனையோலையில் பெட்டி, கூடை பின்னுகிறார்கள். சாயம் போட்ட ஓலை, சிவப்பும் பச்சையும். வாங்கினால் அவர்களிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். ஒரு சின்னப் பெட்டி பின்ன எத்தனை நேரம் ஆகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பேரம் பேச வாய் வராது. அதே பகுதியில் ஒரு பள்ளிவாசலில் நிழற்கடிகாரம் இருக்கிறது, தொழுகை நேரம் இல்லாதபோது கேட்டுவிட்டுப் போனால் காட்டுவார்கள்.

ஏட்டுச்சுவடி, வியாசர்பாடி

பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். மேலே சொன்னதோடு ஒரு விஷயம் சேர்க்கத்தான் வந்தேன்.

டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குக் கட்டாயம் போங்கள், ஊருக்குள்ளேயே இருக்கிறது, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் 76 கல்லறைகள். வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும், பிள்ளைகள் அதிலேயே நின்றுவிடுவார்கள். உள்ளே கிடைமட்டமாகக் கிடக்கும் கற்களில் டச்சு எழுத்துகளும் குலச்சின்னங்களும் அவ்வளவு கூர்மையாக இருக்கின்றன, முந்நூறு ஆண்டு மழை பட்டும் மழுங்கவில்லை. கேட் பூட்டியிருந்தால் பக்கத்துக் கடையில் கேளுங்கள், நான் போனபோது சாவி வைத்திருப்பவரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். ஒரு எச்சரிக்கை, கல்லின் மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எழுத்தைப் பிரதி எடுக்க விடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னம், கல்லும் தேயும்.

1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்திரியா கோட்டையைத் தேடிப் போனால் சீமைக்கருவேலப் புதரும் செங்கல் மேடும்தான் இருக்கும். கோட்டையைப் பார்க்கப் போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லி ஏமாற்றாதீர்கள். ஆனால் சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக் கம்பெனியின் தலைமையிடமாக அது பல பத்தாண்டுகள் இருந்தது, 1690இல்தான் நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை வருவதற்கு முன்பே இங்கே நாணயச் சாலை, வெடிமருந்து, துணி வியாபாரம் எல்லாம் நடந்தன. கட்டம் போட்ட பருத்தித் துணி ‘பழவேற்காட்டுக் கைக்குட்டை’ என்றே பெயர் பெற்றுக் கடல் கடந்து போனது.

துணியோடு மனிதர்களும் போனார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான நம் மக்களை அடிமைகளாக வாங்கி இந்தத் துறையிலிருந்து பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள், இன்றைய ஜகார்த்தா. அவர்களுக்கு இங்கே ஒரு கல்லும் கிடையாது. கல்லறைகளின் அழகை வரையும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள். பதினாறு வயதில் இதைத் தாங்கும் மனம் அவர்களுக்கு உண்டு, என் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

நேரம் மிஞ்சினால் ஆதிநாராயணப் பெருமாள் கோயில். செம்புராங்கல்லில் கட்டியது, ராமாயணக் காட்சிகளை விரல் நீளச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். பேனாவால் வரைபவர்களுக்கு ஏற்றது.

மாடி வகுப்பு, தண்டையார்பேட்டை

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. பழவேற்காடு முடிவாகிவிட்டது. காலையில் கல்லறைத் தோட்டம், சாயங்காலம் ஏரிக்கரை, நடுவில் சாப்பாடும் ஓலைப் பெட்டி பின்னுபவர்களும். அடிமைகள் பற்றிப் படித்ததும் என் மனைவி, ‘இதை ரயிலில் போகும்போதே சொல்லிடுங்க, அங்க போய்ச் சொன்னா பிள்ளைங்க வரைய மாட்டாங்க’ என்றாள். அதுவும் சரியாகத் தோன்றுகிறது.

ஒரே ஒரு கேள்வி. பூநாரை வருமா? ஒரு பெண் அதற்காகவே வருகிறேன் என்கிறாள்.

பொன்னேரி பாசஞ்சர், மீஞ்சூர்

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பூநாரைகள் வரும் பருவம், ஜனவரி கடைசி நல்ல நேரம்தான். ஆனால் ஏரி மிகப் பெரியது, இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி, பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. பறவைகள் எந்தப் பக்கம் மேய்கின்றன என்பது தண்ணீர் மட்டத்தைப் பொறுத்தது, முகத்துவாரத்தில் மணல் அடைத்தால் எல்லாம் மாறிவிடும். தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தாலே அதிர்ஷ்டம் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். கொக்கும் கூழைக்கடாவும் எப்படியும் இருக்கும். லைட்ஹவுஸ் குப்பம் போகும் பாலத்தின் மேல் நின்றால் இரண்டு பக்கமும் ஏரி, ஆனால் வண்டி போகும் பாலம், அங்கே உட்கார வைக்காதீர்கள்.

மாடி வகுப்பு, தண்டையார்பேட்டை

போய் வந்துவிட்டோம். அடுத்து போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

ரயில் நேரத்துக்கு வந்தது, பஸ்ஸுக்குத்தான் முக்கால் மணி நேரம் நின்றோம். எட்டே முக்காலுக்குக் கல்லறைத் தோட்டம். பூட்டியிருந்தது, சாவிக்குக் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் இரண்டு பேர் வாசல் எலும்புக்கூடுகளை வரையத் தொடங்கிவிட்டார்கள், அதில் ஒருத்தி கேட் திறந்த பிறகும் உள்ளே வரவில்லை, பதினொன்றரை வரை அதே எலும்புக்கூடுதான். கூப்பிட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மற்றவர்கள் உள்ளே வேப்ப மர நிழலில் உட்கார்ந்தார்கள். கரித்துண்டு சொன்னது போலவே முதல் முக்கால் மணி நேரம் ‘வரலை சார், வரலை சார்’ என்று ஒரே புலம்பல், பத்து மணிக்கு மேல் ஒரு சத்தமும் இல்லை.

மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை ஏரிக்கரையில் நிழலே இல்லை, அதைத் திட்டத்தில் யோசிக்காமல் விட்டுவிட்டேன். சாப்பிட்ட ஓட்டல்காரர் மாடியில் உட்கார இடம் கொடுத்தார். அந்த நேரத்தில்தான் ஓலைப் பெட்டி பின்னும் அம்மா ஒருவர் வீட்டுத் திண்ணையில் நான்கு பெண்பிள்ளைகள் போய் உட்கார்ந்தார்கள். கேட்டுவிட்டுத்தான் வரைந்தார்கள். கையை மட்டும் வரையுங்கள், முகம் வேண்டாம் என்றாராம். நான்கு நோட்டிலும் அந்தக் கைகள் இருக்கின்றன, விரலுக்கு நடுவில் ஓலை மடங்கும் இடத்தை ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதமாகப் பார்த்திருக்கிறாள். என் வகுப்பில் இதுவரை வந்த படங்களிலேயே இவைதான் சிறந்தவை என்று தயங்காமல் சொல்வேன்.

சாயங்காலம் ஏரியில் காற்று பலம். கிளிப் இருந்தும் ஒரு பையனுடைய தாள் பறந்து சேற்றில் விழுந்தது. எடுத்துத் துடைத்துவிட்டு அந்தச் சேற்று நிறத்தையே கரையாக வைத்துப் படத்தை முடித்துவிட்டான். நீலம் எடுக்கக் கூடாது என்ற விதி நன்றாக வேலை செய்தது. பூநாரை தெரியவில்லை, கூழைக்கடா ஆறேழு தெரிந்தன. பூநாரைக்காக வந்த பெண் கழிகளுக்கு நடுவே வலை கட்டிக்கொண்டிருந்த ஒருவரைத் தூரத்திலிருந்து வரைந்தாள், அவர் கரைக்கு வந்ததும் காட்டினாள். கழிகள் இன்னும் நெருக்கமாக இருக்க வேண்டும் என்று அவர் விரலால் காட்டித் திருத்தினார். திருத்திய பிறகு படம் உண்மையிலேயே நன்றாக ஆகிவிட்டது.

ரயில், பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஐந்தரை பஸ்ஸில் ஏறினால் நிற்கக்கூட இடம் இருக்காது, ஐந்து மணி பஸ்ஸையே பிடித்துவிடுங்கள்.

பேத்தி தங்கச்சி, உங்கள் பாட்டி எந்தக் குப்பம் என்று சொன்னால், அடுத்த முறை போகும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம். வரைவதற்கு இல்லை, சும்மா பார்க்கத்தான்.

பழவேற்காட்டுப் பேத்தி, காசிமேடு

வாங்க அண்ணா. இங்கே பொதுவில் எழுதவில்லை, தனியாகச் செய்தி அனுப்புகிறேன். பாட்டியிடம் போனில் சொன்னேன், எத்தனை பேர் என்று கேட்டார், எட்டு என்றேன். நண்டு வாங்கி வைக்க வேண்டும், இரண்டு நாள் முன்னால் சொல்லச் சொன்னார்.